சூடேறிய பிறகு மட்டும் வந்த கோளாறு

தை மாதத்தில் கட்டத் தொடங்கிய, ரேடியோவில் இயக்கும் என் சிறு பயிற்சி விமானம், பங்குனி பிறந்த பிறகுதான் நம்பிப் பறக்கவிடும் நிலைக்கு வந்தது. இடைப்பட்ட நாட்களில் பாதியை ஒரே ஒரு கோளாறு விழுங்கியது. அதற்கு முதல் நாளே ரேடியோ கோளாறு என்று நான் பெயர் வைத்துவிட்டதுதான் இவ்வளவு தாமதத்துக்கும் காரணம். அவ்வப்போது குறிப்பேட்டில் எழுதி வைத்ததை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

விமானத்தின் உடலும் இறக்கையும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 5 மி.மீ. ஃபோம் போர்டு. இறக்கையின் நீளம் 1200 மி.மீ., அகலம் 200 மி.மீ., பேட்டரியோடு சேர்த்து எடை 780 கிராம். இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கும் கம்பிகளான புஷ்ராடுகளைச் சைக்கிள் ஸ்போக்கில் வளைத்துக்கொண்டேன். மின்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆறு சானல் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும், 1000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., மூன்று செல் கொண்ட 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி, மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களான 9 கிராம் சர்வோக்கள் நான்கு. இரண்டு சர்வோக்கள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான ஏலரானுக்கும், மற்ற இரண்டும் வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும், இட வலமாகத் திருப்பும் ரடருக்கும் போயின.

டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் பைண்ட் செய்வது, அதாவது ஒன்றையொன்று அடையாளம் காணவைப்பது, இரண்டு நிமிட வேலை. நேரம் கேட்டது சர்வோக்களின் நடுநிலைதான். ரிசீவர் ஒவ்வொரு சர்வோவுக்கும் 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஒரு துடிப்பை அனுப்புகிறது. அந்தத் துடிப்பு 1500 மைக்ரோ விநாடி நீடித்தால் சர்வோ நடுவில் நிற்கும்; 1000 என்றால் ஒரு கோடிக்கும், 2000 என்றால் மறு கோடிக்கும் போகும். முன்பு கட்டிய விமானத்தில், மின்சாரம் கொடுக்காமலேயே சர்வோவின் கையைக் கண்ணளவில் நேராக்கித் திருகிவிட்டு, பிறகு வந்த கோணலை டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையை நகர்த்தும் சப் டிரிம்மில் சரிக்கட்டினேன். அப்படிச் செய்தால் ஒரு பக்கத்து அசைவு சீக்கிரமே முட்டிக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் நன்றாகத் திரும்பும் விமானம் வலப்பக்கம் சோம்பேறியாகிவிடும். இம்முறை எல்லா டிரிம்களையும் பூஜ்யத்தில் வைத்து, சர்வோவை இயக்கி நடுவில் நிறுத்திய பிறகே கையை 90 பாகையில் மாட்டினேன். மிச்சமிருந்த ஒன்றிரண்டு பாகையைப் புஷ்ராடின் நீளத்தில் சரிசெய்து, சப் டிரிம்மைக் கடைசியில் துளியளவே தொட்டேன்.

திசை பார்க்கும்போது விமானத்துக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். மூக்குப் பக்கம் நின்று பார்த்தால் இடம் வலமாகிவிடும். நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள்கூட ஏலரானைத் தலைகீழாக வைத்து, எறிந்த மூன்றாவது விநாடியில் விமானத்தைத் தரையில் குத்துவது இதனால்தான். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். கட்டைவிரலை நிமிர்த்தி ஸ்டிக்கைப் பிடித்தால், ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஏலரான் விரலைப் போலவே மேலே நிற்கும் என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். எனக்கும் ஏலரான் தலைகீழாகத்தான் இருந்தது. மெனுவில் ரிவர்ஸ் செய்ததும் சரியாயிற்று.

பிறகு புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஈ.எஸ்.சி.க்கு, மோட்டார் வேகத்தை ஏற்றி இறக்கும் த்ராட்டிலின் இரண்டு எல்லைகளையும் கற்றுக்கொடுத்தேன். சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஃபெயில்சேஃபில், சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதோடு, ரடர் சற்றே இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றும் பதிவுசெய்தேன். கட்டுப்பாடு போன விமானம் நேராகப் பறந்து ஊருக்குள் போவதைவிட, மெல்ல வட்டமடித்துத் தலைக்கு மேலேயே இறங்குவது நல்லது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தேன். ரடர் சொன்னபடி இடப்பக்கம் திரும்பியது. இந்தச் சிறு ஏற்பாடுதான் பிற்பாடு எனக்குச் சாட்சி சொல்லப் போகிறது என்று அப்போது தெரியாது.

பறக்கவிட்ட இடம் சிவகங்கைப் பக்கம் தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய். அரசின் ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலத்தில் வருவதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டேன். எடை மையத்தை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 55 மி.மீ.யில் வைத்தேன். காலை ஏழு மணிக்கு, காற்று எழுவதற்கு முன், முதல் இரண்டு பறத்தல்களும் கோயில் தேர் போல நிதானமாக நடந்தன. இரண்டுமே மூன்று நிமிடத்துக்குள் முடிந்தவை என்பதை அப்போது நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

மூன்றாவது பறத்தலில், ஐந்தாவது நிமிடம் கழிந்து வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தபோது, மோட்டார் சட்டென நின்றது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளியும் பயனில்லை. இரண்டு விநாடி இருக்கலாம். பிறகு ஏலரானும் எலிவேட்டரும் பேச்சுக் கேட்கத் தொடங்கின, ஆனால் மோட்டார் மட்டும் திரும்பவில்லை. த்ராட்டிலை அடிவரை இறக்கி மறுபடி ஏற்றிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. அதற்குள் உயரம் போய்விட்டதால், விமானம் கரையோரத்துச் சீமைக் கருவேலம் புதரில் போய் உட்கார்ந்தது. முள் குத்திய இறக்கைக்கு டேப் ஒட்டி, அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். அன்றும் அதே கதைதான், அதுவும் ஐந்து நிமிடத்துக்குப் பிறகே.

சிக்னல் விட்டுப்போகிறது என்று உடனே முடிவு கட்டினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 செ.மீ.; ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை நீக்கப்பட்டிருக்கும் 31 மி.மீ. துண்டு, அந்த அலையின் கால் பங்கு. வேலை செய்வது அந்த நுனி மட்டுமே, மற்றதெல்லாம் அதைச் சுமக்கும் கம்பி. என்னுடைய இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று பேட்டரியின் மேல் படிந்து கிடந்தது. உலோகத் தகடுகளும் ரசாயனமும் அடைத்த லிப்போ பேட்டரி அலையை மறைக்கும் என்பதால், இரண்டையும் ஒன்றுக்கொன்று 90 பாகையில், ஒன்றை உடலின் பக்கச் சுவரிலும் மற்றதை வால் நோக்கியும் ஸ்ட்ரா குழாய்க்குள் நுழைத்து ஒட்டினேன். டிரான்ஸ்மிட்டரின் நான்கு பென்சில் செல்களையும் மாற்றினேன். பவரைக் குறைத்துச் சோதிக்கும் முறையில் 30 தப்படி தள்ளி நின்று, விமானத்தை எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தேன்; ஒரு இடத்திலும் சர்வோ தயங்கவில்லை. ஆன்டெனாவை ஒழுங்குபடுத்தியது நல்ல காரியந்தான், ஆனால் அடுத்த பறத்தலிலும் ஐந்தரை நிமிடத்தில் மோட்டார் நின்றது.

இதற்குள் எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது. ரிசீவரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று நினைத்திருந்த வேளையில், குறிப்பேட்டில் எழுதியிருந்த நேரங்கள் கண்ணில் பட்டன. சிக்னல் கோளாறாக இருந்தால் அது தூரத்தைப் பொறுத்து வர வேண்டும். என்னுடையதோ கடிகாரத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பேட்டரி இறங்கியதால் ஈ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்தியிருக்கலாம் என்ற சந்தேகமும் நிற்கவில்லை. அப்படி நிறுத்தினாலும் சர்வோக்கள் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். தவிர, இறங்கியபின் அளந்தபோது செல் ஒவ்வொன்றிலும் 3.8 வோல்ட் மிச்சமிருந்தது.

எனவே தரையிலேயே ஒரு முழுப் பறத்தலை நடத்திப் பார்த்தேன். திண்ணையில் கிடந்த மரக்கட்டிலின் காலோடு விமானத்தை இறுகக் கட்டி, புரொப்பெல்லருக்கு முன்னாலும் பக்கத்திலும் யாரும் வராதபடி பார்த்துக்கொண்டு, அக்கா மகனைப் பின்னால் உட்காரவைத்தேன். ரிசீவரின் சிவப்பு விளக்கின் மேல் கண்ணை வைத்திருப்பது மட்டும் அவனுக்கு வேலை. பாதி த்ராட்டிலில் மோட்டாரை ஓடவிட்டு, வானத்தில் செய்வதுபோலவே ஸ்டிக்குகளை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடத்தில் அவனுக்குக் கொட்டாவி வந்தது. ஆறாவது நிமிடம் நெருங்கும்போது மோட்டார் நின்றது.

“மாமா, லைட்டு அணைஞ்சு எரிஞ்சுச்சு” என்றான்.

அதே கணத்தில், பேட்டரியைப் புதிதாக மாட்டினால் வரும் அந்த மூன்று பீப் ஒலி ஈ.எஸ்.சி.யிலிருந்து வந்தது. வானத்தில் காற்றிரைச்சலில் அது எனக்குக் கேட்க வழியே இல்லை. ரடரைப் பார்த்தேன், அது இடப்பக்கம் திரும்பவே இல்லை. சிக்னல் போயிருந்தால் ஃபெயில்சேஃப் அதைத் திருப்பியிருக்கும். ஆக, ரிசீவர் சிக்னலை இழக்கவில்லை. மின்சாரத்தை இழந்து, ஒரு கணம் செத்துப் பிழைத்தது. ஈ.எஸ்.சி.யின் மூளையும் அதே 5 வோல்ட்டில் ஓடுவதால் அதுவும் சேர்ந்து செத்துப் பிழைத்தது. புதிதாக விழித்த ஈ.எஸ்.சி., த்ராட்டில் அடியில் இருப்பதைக் காணாமல் மோட்டாரைச் சுற்றாது. வானத்தில் மோட்டார் மட்டும் பிடிவாதம் பிடித்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

ஈ.எஸ்.சி.யின் முதுகில் விரலை வைத்தேன். ஒரு விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் தருவது ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.ஈ.சி. என்ற பகுதி. என்னுடையது லீனியர் வகை, 2 ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருந்தது. லீனியர் வகை, மிஞ்சிய வோல்ட்டைச் சூடாக மாற்றித்தான் கழிக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய மூன்று செல் பேட்டரி 12.6 வோல்ட் தருகிறது. அதில் 5 போக மீதி 7.6 வோல்ட். சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு, அதாவது 25 வாட் சால்டரிங் அயனின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தீப்பெட்டியைவிடச் சிறிய பலகையில் சேர்கிறது. மோட்டாருக்காக ஈ.எஸ்.சி. தானே உண்டாக்கும் சூடு இதற்கு மேல். தாங்கும் அளவைத் தாண்டியதும் பி.ஈ.சி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கணம் அணைந்துகொள்கிறது. குளிர்ந்த நிலையில் எத்தனை முறை சோதித்தாலும் இது அகப்படாது. மூன்று நிமிடத்தில் இறங்கிவிட்டாலும் அகப்படாது.

இதில் என் கைங்கரியமும் இருந்தது. கண்மாய்ப் புழுதி உள்ளே போகிறது என்று, மூக்கின் கீழிருந்த காற்றுத் துளையை நானே டேப்பால் அடைத்திருந்தேன். மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்துப் பார்த்தபோது, ஸ்டிக் எதையும் தொடாமலேயே சர்வோக்களும் ரிசீவரும் 0.4 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தன. எலிவேட்டர் சர்வோ கொசு போல முனகிக்கொண்டிருப்பதை நான் வழக்கமான சத்தம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். புஷ்ராடு உடலைவிட்டு வெளிவரும் துளையில் ஃபோம் போர்டின் காகித ஓரம் அதை அழுத்திக்கொண்டிருந்தது. சேர வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் சர்வோ நாள் முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறது. துளையைக் கத்தியால் அகலப்படுத்தியதும் முனகல் நின்றது, மீட்டர் 0.1 ஆம்பியருக்கு இறங்கியது.

அதோடு விட்டுவிடாமல், 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் தனி ஸ்விட்சிங் யூ.பி.ஈ.சி. (லீனியர் போல மிஞ்சியதைச் சூடாக்கிக் கழிக்காத, ஈ.எஸ்.சி.க்கு வெளியே இருக்கும் பி.ஈ.சி.) ஒன்றையும் பேட்டரியோடு நேரடியாக இணைத்தேன். இதைச் செய்பவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு: ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பிகளில் நடுவில் இருக்கும் சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி, நுனியில் ஷ்ரிங்க் டியூப் போட்டு மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மின்வழங்கிகளும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும். கறுப்புக் கம்பியையும் சிக்னல் கம்பியையும் தொடக் கூடாது. பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாக நிமிர்த்தினால் சிவப்புக் கம்பி தானாக வெளியே வரும், வெட்டத் தேவையில்லை. ரிசீவரின் காலி சானலில் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் செருகினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அது கண நேரச் சரிவைத் தாங்கும், சூடேறி அணையும் பி.ஈ.சி.யை என்ன செய்யும்?

கட்டிலில் கட்டி வைத்து மறுபடி பத்து நிமிடம் ஓட்டினேன். விளக்கு இமைக்கவில்லை, யூ.பி.ஈ.சி. வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. பங்குனி முதல் ஞாயிறு கண்மாயில் ஒன்பது நிமிடம் பறந்தது. அதில் கடைசி நான்கு நிமிடமும் எலிவேட்டரையும் ஏலரானையும் வேண்டுமென்றே கோடிக்குக் கோடி ஆட்டிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் முதலில் விரலை வைத்தது ஈ.எஸ்.சி.யின் முதுகில்தான், தாராளமாக வைத்திருக்க முடிந்தது. இப்போது இடது ஏலரான் சர்வோ நடுவில் நிற்கும்போது லேசாக நடுங்குகிறது. கையால் மெல்ல நகர்த்திப் பார்த்தால் ஒரே புள்ளியில்தான் நடுங்குவதால், உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்க வேண்டும். வலது சர்வோவோடு இடம் மாற்றி, நடுக்கமும் கூடவே போகிறதா என்று பார்த்த பிறகுதான் புதிது வாங்கப் போகிறேன்.