ஈரல் வளரும்வரை காத்திருந்தோம்

கல்லீரலில் கட்டி என்றதும் எல்லோரும் கேட்பது "எத்தனை சென்டிமீட்டர்?" என்றுதான். நாங்களும் அதைத்தான் கேட்டோம். திருவனந்தபுரத்தில் அப்பாவைப் பார்த்த அறுவை மருத்துவர் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, வெட்டி எடுத்தபின் மிஞ்சும் ஈரல் அப்பாவைத் தாங்குமா என்பதைப் பற்றியே வெகுநேரம் பேசினார். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பேச்சு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுத் தொழிலாளி. குடிப்பழக்கம் கிடையாது. அதனால் ஈரல் புற்றுநோய் என்றபோது ஊரில் பலர் நம்பவே இல்லை. காரணம் ஹெபடைட்டிஸ் பி வைரஸ். எந்தத் தொந்தரவும் காட்டாமல் பல ஆண்டுகள் உடம்பில் இருந்திருக்கிறது. நாகர்கோவிலில் எடுத்த ஸ்கேனில் வலது பக்கம் கட்டி தெரிந்தது, ஈரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவும் ரத்தத்தில் கூடியிருந்தது. அடுத்து, மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. ஸ்கேன். தமனி ரத்தம் பாயும் கட்டத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்து, பிந்தைய கட்டங்களில் மங்கியது. இந்த வைரஸ் இருப்பவருக்குப் படம் இவ்வளவு தெளிவாக வந்தால், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமலே நோயை உறுதி செய்துவிடலாமாம். சதைப் பரிசோதனையைத் தவறவிட்டுவிட்டார்களோ என்ற எங்கள் கவலை அப்போதுதான் தீர்ந்தது.

ஈரலை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ரத்த வழி உண்டு. அப்பாவுக்கு வலது பக்கத்து நான்கையும், அதாவது 5 முதல் 8 வரை, எடுக்க வேண்டியிருந்தது. நல்ல ஈரலென்றால் கால்வாசி மிஞ்சினாலே சமாளித்துவிடும். வைரஸால் தழும்பேறிய ஈரலுக்கு 40 சதவீதம் வரை வேண்டும். கணினியில் அளந்தபோது அப்பாவுக்கு மிஞ்சக்கூடியது 29 சதவீதம். அப்படியே அறுத்தால், கட்டி போய்விடும், அப்பா ஈரல் செயலிழந்து போய்விடுவார். மருத்துவர் இதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

அதற்கு ஒரு வழி இருந்தது. குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் ரத்தக்குழாயின் வலது கிளையைத் தோல் வழியாக ஊசி செலுத்தி அடைத்துவிடுவது. எங்கள் ஊர்ச் சானலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்குத் திரும்புவதுபோல, ரத்தம் முழுவதும் இடது பக்கம் போகும். இடது ஈரல் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வளர்ந்துவிடும். அப்பாவுக்கு அன்றும் மறுநாளும் காய்ச்சலும் வலது விலாவில் வலியும் இருந்தன. வேறு சிரமம் இல்லை.

சிரமமெல்லாம் வீட்டில்தான். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோல வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தை தினமும் வந்து, "மக்களே, கத்தி வச்சா பரவிரும், கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துப் பாரு" என்பார். அத்தைக்கு அண்ணன் மேல் உயிர், கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்தச் சமயத்தில் எந்தப் பச்சிலையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. இருக்கிற கொஞ்சம் நல்ல ஈரலும் கெட்டுப்போனால் அறுவையே நடக்காது. அம்மா அதில் உறுதியாக நின்றார். முட்டை, மீன், பயறு என்று புரதச் சத்துள்ள சாப்பாடும் காலை நடையும், வைரஸுக்கு டெனோஃபோவிர் மாத்திரையும். அறுவையைத் தாங்குவாரா என்று பார்க்க, எண்டோஸ்கோபி செய்து உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் ஒரு லட்சத்துக்கு மேலேயே இருந்தன. மறுபடி சி.டி. எடுத்தபோது 41 சதவீதம். திரும்பி வரும்போது பாறசாலை ஸ்டேஷன் வரும்வரை ரயிலில் யாரும் பேசவில்லை, அப்புறம் அப்பாதான் டீ வாங்கச் சொன்னார்.

அறுவை அன்று காலையில் உள்ளே போனவரைச் சாயங்காலம்தான் பார்த்தோம். ஈரலுக்கு வரும் ரத்தத்தைப் பதினைந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இப்படி மாறி மாறி வெட்டுவார்களாம்.

அதற்குப் பிந்திய நாட்களில் வீட்டார் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின் முதலில் கூடும். ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் ஐ.என்.ஆரும் அப்படித்தான். ஐந்தாம் நாளில் இரண்டும் இறங்குகிறதா என்பதுதான் மருத்துவர்கள் உற்றுப் பார்க்கும் கணக்கு. அப்பாவுக்கு இறங்கியது. வயிற்றில் வைத்த டியூபில் பித்தம் கலந்த நிறம் வருகிறதா என்று நர்ஸ் சேச்சிமார் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்தார்கள். மூன்று பந்துள்ள மூச்சுக் கருவியில் வலியோடு மூச்சை உள்ளிழுக்க வைத்தது எங்கள் வேலை. அது நுரையீரலில் சளி தங்காமல் காக்கும், விட்டுவிடாதீர்கள்.

பணத்துக்குத் தங்கையின் நகை அடகுக்குப் போனது. தமிழ்நாட்டுக்குள் சிகிச்சை பார்ப்பவர்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

வெட்டி எடுத்த ஈரலைச் சோதித்ததில், ஓரங்களில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் அறுவை செய்தவர்களில் 70 சதவீதம் பேருக்குவரை ஐந்து ஆண்டுக்குள் ஈரலில் மறுபடி வருகிறது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மறுபடி வெட்டவோ, ஊசி வழியாகச் சுட்டு அழிக்கவோ முடியும்.

வீட்டில் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்தோம். எனக்கும் தங்கைக்கும் அம்மாவுக்கும் இல்லை, மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டோம். தம்பிக்கு இருக்கிறது. அவன் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறான், அப்பாவுக்குத் தேதி வரும்போது இரண்டு பேரும் சேர்ந்தே திருவனந்தபுரம் போகிறார்கள்.