தக்காளியோடு வந்த பாட்டி
சனிக்கிழமை உழவர் சந்தையில் மாஸ்டர் கார்டனர் மேசையில், அதாவது பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தோட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மேசையில், முதல்முறை உட்கார்ந்தேன். ஒரு பாட்டி பையிலிருந்து தக்காளியை எடுத்து நீட்டினார். அடிப்பக்கம் கறுத்து, தோல்போல் அமுங்கியிருந்தது.

"என்ன மருந்து அடிக்கணும்?"

"மருந்தே வேண்டாம், தண்ணியை மட்டும் சீரா விடுங்க. காயவிட்டு வெள்ளமா ஊத்தினா கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது."

பக்கத்திலிருந்த மூத்த தன்னார்வலர் தலையசைத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

1972-இல் நாங்கள் இருக்கும் இதே அமெரிக்க வாஷிங்டன் மாநிலத்தில்தான் இந்த மாஸ்டர் கார்டனர் திட்டம் தொடங்கியது. சியாட்டில், டகோமா மக்களின் தோட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாமல், பல்கலைக்கழகத்தின் விவசாய அறிவை மக்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்க அலுவலர்கள் ஊர்க்காரர்களையே பயிற்றுவித்தார்கள். மண், பூச்சி, நோய் எல்லாம் படிக்கிறோம். ஈடாக ஊருக்கு இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும். எவ்வளவு நல்ல கணக்கு!

அடுத்த வாரம் ஆப்பிள் கிளையோடு வருகிறாராம் பாட்டி. பாடக்குறிப்பை மறுபடி எடுத்துவிட்டேன்.