கொல்லையில் காட்டுப்பூச் செடிகள்: திருவொற்றியூரில் இதுவரை பார்த்தது

இது ரோஜா, மல்லி வளர்க்கிற தோட்டம் இல்லை. தும்பை, துத்தி, விஷ்ணுகிராந்தி, கிணற்றடிப்பூண்டு என்று தண்டவாளத்து ஓரத்திலும் காலி மனையிலும் தானாக முளைக்கிற செடிகளை வீட்டுக்குப் பின்னால் வேண்டுமென்றே வளர விட்டிருக்கிறேன். இடம் கால் கிரவுண்டு இருக்கும். பழைய வீடு, பின்னால் கிணறு, அதைத் தாண்டி வெறும் தரை. 2016 டிசம்பரில் வர்தா புயலில் அங்கே இருந்த தென்னை சாய்ந்தது, அதற்குப் பிறகு உடைந்த ஓடு, மீந்த செங்கல், பழைய கதவு எல்லாம் போய்ச் சேர்கிற மூலையாகிவிட்டது.

ஆரம்பித்தது 2023 ஆவணியில். அந்த வருடம் வீட்டில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு மாத்திரை வேளை, பிசியோதெரபி, ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது என்று நாள் முழுக்க அதிலேயே போகும். அதே சமயத்தில் வீட்டுக்காரருக்கு ஒப்பந்த வேலை முடிந்து அடுத்தது கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனது, கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது. நான் வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். மாதத்தில் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளான 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் போன் ஓயாது. யார் கூப்பிட்டாலும் என்னிடம் ஏதாவது ஒன்று கேட்கத்தான் கூப்பிடுவார்கள். ஒன்றும் கேட்காத இடமாக அந்தப் பின்பக்கம் மட்டும்தான் இருந்தது, அதனால் அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன். நிற்கும்போதுதான் ஓட்டுக் குவியல் நடுவில் தும்பை பூத்திருந்ததைக் கவனித்தேன். சரி, இதையே வளர விடலாமே என்று தோன்றியது.

முதல் வேலை இடிபாடுகளை அள்ளியது. இதைச் செய்யாமல் யாரும் செடியை வளர விடாதீர்கள். பாம்பும் தேளும் செடிக்காக வருவதைவிடக் கல் இடுக்குக்கும் எலிக்கும்தான் அதிகம் வரும். குட்டி யானை வண்டி பிடித்து அனுப்பினோம். அப்புறம் கோரை. மேலே பிடுங்கினால் அது போகாது, அடியில் கிழங்கு இருந்துகொண்டே இருக்கும், ஒரு கிழங்கு தங்கினாலும் மறுபடி வரும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கிழங்கு கிழங்காகப் பொறுக்கினேன். எங்கள் பக்கம் மணல் பாங்கான தரை என்பதால் அது சாத்தியமாயிற்று, களிமண்ணாக இருந்தால் நிச்சயம் கை விட்டிருப்பேன். எருவோ உரமோ எதுவும் போடவில்லை. சத்து கூடினால் புல்லும் கோரையும்தான் கொழுக்கும், தும்பை மாதிரிச் செடிகள் அதற்கு அடியில் அமுங்கிப்போகும்.

விதைக்குக் காசு செலவில்லை. விம்கோ நகர் தண்டவாளத்துக்கு வெளி ஓரம், சாத்தாங்காடு பக்கத்துக் காலி மனைகள், மணலி போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் என்று எங்கே போனாலும் பையில் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் சிலவற்றை வைத்துக்கொண்டேன். காய்ந்த தும்பைத் தலையைக் கவிழ்த்துத் தட்டினால் விதை உதிரும். துத்திக்காய் காய்ந்து கறுத்த பிறகு பறிக்க வேண்டும். கிலுகிலுப்பைச் செடியின் காய் காய்ந்தால் ஆட்டிப் பார்த்தே விதை முற்றியது தெரிந்துவிடும். சங்குப்பூ விதைக்குத் தோல் கடினம், ராத்திரி ஊற வைத்தேன். பொடி விதைகளை மணலில் கலந்து தூவினேன், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்துவிடும். தூவியது புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால். கிணற்றுத் தண்ணீர் எங்களுக்கு உப்பு, லாரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. மழை ஒன்றையே நம்பித்தான் போட்டேன். எப்போதாவது அரிசி களைந்த தண்ணீர்.

ஐப்பசியில் தரை பச்சையானது. இந்தக் கட்டத்தில் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும், பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இருக்கும், சின்ன வெள்ளைப் பூ. 1950களில் நம் நாட்டில் கண்ணில் பட்டு இன்று எல்லா இடமும் பரவிவிட்ட வெளிநாட்டுச் செடி. தோலில் அரிப்பு வரும், சிலருக்கு மூச்சுத் தொந்தரவும் வரும். கையுறை போட்டு, பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்கிவிடுவேன். கிணற்றடிப்பூண்டும் மத்திய அமெரிக்காவில் இருந்து வந்ததுதான், சின்ன வயதில் தாத்தாப்பூ என்று தலையைச் சுண்டி விளையாடுவோமே அது. ஆனால் அதில் வந்து உட்காராத சின்ன வண்ணத்துப்பூச்சி கிடையாது, அதனால் அதை இருக்க விட்டிருக்கிறேன்.

கார்த்திகையில் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் முதல் வாரம் வடசென்னையில் இருந்த யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, தண்ணீர் வடியவில்லை, எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போன செய்தி வேறு. எங்கள் தெருவுக்கு எண்ணெய் வரவில்லை, ஆனால் கொல்லையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. தும்பை, விஷ்ணுகிராந்தி எல்லாம் அழுகின. அத்தையின் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் செடியைப் பற்றி நினைக்கக்கூட நேரம் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு எட்டிப் பார்த்தால், நான் விதைக்கவே விதைக்காத கரிசலாங்கண்ணியும் பொடுதலையும் சேற்றின் மேல் பரவியிருந்தன. அவை ஈரத்தில் வாழ்கிற செடிகள், விதையோ வேரோ எங்கிருந்தோ வெள்ளத்தில் வந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்ததில்லை.

தையில் மேட்டுப் பக்கம் தும்பை மறுபடி முளைத்தது. அந்த மாதங்களில்தான் எனக்கு இந்த இடம் உண்மையில் பிடிபட்டது என்று சொல்வேன், ஏனென்றால் அதற்கென்று நேரம் இருந்தது. விஷ்ணுகிராந்தி காலையில் விரியும், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய நீலப் பூ, மதியத்துக்குள் சுருங்கிவிடும், அந்தப் பூவுக்கு அந்த ஒரு நாள்தான். தாத்தாப்பூவுக்கு வெயில் ஏற வேண்டும். துத்தி நேர்மாறு, காலையில் மூடியே இருக்கும், பிற்பகலில்தான் மஞ்சள் இதழ் விரியும். கிணற்றோரம் இருக்கிற அந்திமந்தாரை அதற்கும் பிறகு. எனக்கு ஏற்கெனவே ஒரு அட்டவணை இருந்தது, காலை எட்டுக்கு ரத்த அழுத்த மாத்திரை, மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, ராத்திரி இரண்டு, நடுவில் கைப் பயிற்சி, ரிட்டர்ன் தாக்கல். அதில் ஒவ்வொன்றும் தவறினால் யாருக்காவது பாதிப்பு. பூக்களின் அட்டவணையில் நான் தவறவிட்டால் ஒன்றும் கெடாது, நாளைக்கு வேறு பூ விரியும். காலை மாத்திரை கொடுத்துவிட்டு நீலப் பூவைப் பார்க்கப் போவேன், நாலு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டுத் துத்தி பூத்ததா என்று பார்ப்பேன். அவ்வளவுதான் செய்தேன். கடன் குறையவில்லை, தூக்கம் ஒன்றும் பிரமாதமாக வந்துவிடவில்லை. ஆனால் நெஞ்சில் ஒரு பாரம் ஏறி மூச்சு மேலோட்டமாகவே ஓடும் பாருங்கள், அது அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கும். திரும்பி உள்ளே வரும்போது குரல் உயராது. வீட்டில் அதைக் கவனித்தார்கள்.

பூச்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தும்பையில் வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ வரும். வருவது தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்கும், ஒரு பூவில் நிலையாக நிற்காது, குத்திட்டுப் பறந்து நாக்கை நீட்டி அடுத்ததற்குப் போய்விடும். ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் காய்ந்த நாயுருவித் தண்டில் அதே தேனீக்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் கால்களால் பிடிக்கவில்லை, தண்டை வாயால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, அப்படியே தூங்குகின்றன! பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இவற்றில் ஆண் தேனீக்களுக்குக் கூடு கிடையாது, ராத்திரி இப்படித்தான் தண்டைக் கடித்துக்கொண்டு கூட்டமாகத் தங்கும். அதற்குப் பிறகு காய்ந்த தண்டுகளை வெட்டுவதை நிறுத்திவிட்டேன். பார்க்கக் குப்பையாகத் தெரியும், ஆனால் அது அவற்றின் படுக்கை.

எருக்கு நான் வைக்கவில்லை, பஞ்சோடு பறந்து வந்து மதில் ஓரத்தில் முளைத்தது. வெந்தய வரியன் என்கிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும். புழுவுக்கு உடம்பு முழுக்கக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள். இலையைத் தின்பதற்கு முன்னால் நரம்பைக் கடித்துப் பாலை வடிய விட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எருக்கின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து வண்ணத்துப்பூச்சியான பிறகும் தங்கிவிடும், அதனால் பறவைகள் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. நமக்கு அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் இருக்கிற வீட்டில் கவனம். விநாயகர் சதுர்த்திக்குத் தெருப் பையன்கள் மாலை கட்டப் பூ கேட்டு வந்தபோது நானே பறித்துக் கொடுத்தேன். கிலுகிலுப்பையின் காய்ந்த இலையில் நீல வரியன்கள் மொய்க்கும், பூவை விட்டுவிட்டு இலையில் என்ன இருக்கிறது என்று முதலில் புரியவில்லை. ஆண் பூச்சிகள் அதிலிருந்து ஒரு ரசாயனத்தை உறிஞ்சி, பெண்ணை ஈர்க்கிற வாசனையைச் செய்துகொள்கின்றனவாம்.

அக்கம்பக்கம் எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, புதரா விட்டு வெச்சிருக்க, பூச்சி பொட்டு வரப்போகுது, பசங்க இருக்கிற வீடு" என்றார். அவர் பயம் நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. மதில் ஓரம் மூன்றடிக்குச் செடி இல்லாமல் கொத்தி வைத்தேன், எருக்கை மட்டும் விட்டு. நடுவில் பாதை. தண்ணீர் தேங்குகிற பாத்திரம், டயர், தேங்காய் ஓடு ஒன்றும் கிடையாது, டெங்கு சமயத்தில் மாநகராட்சியில் இருந்து வீடு வீடாகப் பார்க்க வந்த பெண்ணும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத்தான் போனார். இப்போது அந்த அக்கா மூட்டு வலிக்கு மூக்கிரட்டை கேட்டு வாங்கிப் போகிறார். எனக்கு வைத்தியம் தெரியாது, கேட்டால் செடியைக் காட்டுவேன், என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

அத்தை பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சக்கர நாற்காலியில் பின் வாசற்படி வரை கொண்டுவந்து விட்டால் போதும், செடி செடியாகப் பேர் சொல்வார், வார்த்தை கொஞ்சம் குழறினாலும். நான் தும்பை என்று நினைத்து வைத்திருந்த ஒன்றைப் பார்த்து, "அது தும்பை இல்லம்மா, பேய்மிரட்டி. இலைய முறுக்கி எண்ணெய்ல தோச்சு ஏத்து, திரி மாதிரி எரியும்" என்றார். அன்று சாயங்காலமே செய்து பார்த்தோம், பச்சை இலை எரிந்தது. விரல்களுக்குப் பயிற்சியாகச் சின்னப் பொருட்களைப் பொறுக்கச் சொல்லியிருந்தார் பிசியோதெரபி கொடுத்தவர். மணியும் பட்டாணியும் வைத்துப் பழக்கினால் ஐந்து நிமிடத்தில் சலித்துப்போய்த் தட்டைத் தள்ளிவிடுவார். காய்ந்த துத்திக்காய்களைத் தட்டில் கொட்டி வைத்தேன், ஒவ்வொரு அறையாகப் பிரித்து விதையை எடுக்கிறார், வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகின்றன. வேலை என்று தெரிந்ததால்தான் செய்கிறார் என்பது என் எண்ணம். இப்போது வீட்டில் இருக்கிற கவர்களில் பாதி விதை அவர் பிரித்தது.

கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. பங்குனிக்குப் பிறகு எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும், கத்திரி வெயிலில் எருக்கும் நாயுருவியும் மூக்கிரட்டையும்தான் நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விதை உதிர்ந்திருக்கிறது, மழைக்குக் காத்திருக்கிறது. ஆடியில் ஒரு சாயங்கால மழை பெய்தாலே முளை தெரியும். அந்தக் காய்ந்த புல்லுக்குச் சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும், விதை தின்ன.

இந்த வருடம் ஆவாரை முயற்சி செய்கிறேன். விதைத் தோல் கெட்டி, சுடுதண்ணீரில் போட்டு ஆறும் வரை ஊற விட்டுத் தூவ வேண்டும். மேட்டுப் பக்கம் தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னொரு வேலையும் இருக்கிறது. அத்தை இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், ஆனால் மணலில் வாக்கர் கால் புதைகிறது. வர்தாவுக்குப் பிறகு மீந்து கிடந்த செங்கல்லில் நல்லதாகப் பொறுக்கி வைத்ததைப் பாதையில் பதித்துக்கொண்டிருக்கிறோம், வாக்கர் அகலத்துக்கு. வீட்டுக்காரர் மட்டம் பார்த்து வைக்கிறார், வேலைக்குப் போய் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. துத்திப் புதர் வரைக்கும் வந்துவிட்டது, மழைக்கு முன்னால் கிணறு வரை முடிக்க வேண்டும்.