பீரோவில் பில், கடையில் சரக்கு

போன வருடம் ஜெர்மனி பையர் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். எங்கள் நாற்காலி குஷன்கள் அவர் கடையில் அழகாக அடுக்கியிருந்தன. கூடவே 'சரக்கு அருமை' என்று ஒரு வரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. விமானத்தில் சரக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாளான ஏர்வே பில் என் பீரோவில்தான் இருந்தது.

நாங்கள் கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதி செய்கிறோம். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்பித்தான் பழக்கம். கப்பல் சரக்குக்கான பத்திரமான பில் ஆஃப் லேடிங் வங்கி வழியாகப் போகும். பையர் பணம் கட்டி ஒரிஜினலை வாங்கினால்தான் சரக்கு கைக்கு வரும். இந்த முறை சீசன் தவறிவிடும் என்று அவசரப்படுத்தியதால் சென்னையிலிருந்து விமானத்தில் போட்டோம். ஷிப்பிங் பில் என்கிற ஏற்றுமதிப் படிவம், கஸ்டம்ஸ் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அதுதான் மிதப்பைக் கொடுத்ததோ என்னவோ.

படம் வந்ததும் அந்த ஏர்வே பில்லின் நீல நிறத் தாளை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மேல் மூலையில் விரலை வைத்தார். "இதைப் படிச்சீங்களா சார்?" 'நாட் நெகோஷியபிள்', அதாவது கைமாற்ற முடியாதது என்று அச்சடித்திருந்தது. "இது சரக்கை ஏத்துக்கிட்டதுக்கு ரசீது, ஏத்திட்டுப் போறதுக்கு ஒப்பந்தம். அவ்வளவுதான். சரக்கு இதோட கட்டுப்படாது."

விமானச் சரக்கு ஒன்றிரண்டு நாளில் போய் இறங்கிவிடும், காகிதம் பின்னால் வந்து சேரும்வரை அது காத்திருக்க முடியாது. அதனால் கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அடையாளத்தைக் காட்டி எடுத்துக்கொண்டு போகலாம், ஒரிஜினலை யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் கட்டத்தில் பையர் பெயர். சரக்கை ஏர்லைனில் போட்டுத்தரும் ஏஜென்டான ஃபார்வர்டர் பில்லின் டிராஃப்ட் அனுப்பிப் பார்க்கச் சொன்னபோது, எழுத்துப் பிழை மட்டும் பார்த்துவிட்டு 'ஓகே' போட்டது நான்தான். 'டாக்குமென்ட் பணம் கட்டினால்தான்' என்று நான் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. பத்து வருடம் ஏர் கார்கோ பார்க்கிற அந்த ஃபார்வர்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது.

வழி இருக்கிறது. பையர் ஊர் வங்கியின் பெயரை கன்சைனியாகவும், பையரை நோட்டிஃபை பார்ட்டியாகவும் (சரக்கு வந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர்) போடலாம். பணம் வந்தபின் சரக்கை விடச் சொல்லி வங்கி ரிலீஸ் ஆர்டர் கொடுக்கும். ஆனால் அந்த வங்கியின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். கேட்காமல் பெயரைப் போட்டால் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று கைகழுவிவிடுவார்கள். புதுப் பையர் என்றால் முன்பணம் வாங்கிவிடுவதே மேல்.

விமான வாடகையிலும் ஓர் அடி வாங்கினேன். 12 பெட்டி, ஒவ்வொன்றும் 14 கிலோ, ஆக 168 கிலோ என்று கணக்குப் போட்டு விலை சொல்லியிருந்தேன். பெட்டி அளவு 60, 50, 45 செ.மீ. மூன்றையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் ஒரு பெட்டிக்கு 22.5 கிலோ. அதாவது 12 பெட்டிக்கு 270 கிலோவுக்கு வாடகை! குஷன் காற்றடைத்த மாதிரிதானே இருக்கும். நிஜ எடை, இப்படிக் கொள்ளளவில் வரும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். விலை சொல்வதற்கு முன்பே பெட்டியை அளந்துவிடுங்கள்.

அப்புறம் டிராக்கிங். என் கையில் இருந்த எண்ணை ஏர்லைன் தளத்தில் போட்டுப் போட்டு அரை நாள் போனது. அது ஃபார்வர்டர் கொடுக்கிற ஹவுஸ் பில் எண். ஏர்லைனுக்குத் தெரிந்தது அது கொடுக்கிற மாஸ்டர் பில் மட்டும்தான். அதில் 11 இலக்கம், முதல் மூன்று ஏர்லைனின் குறியீடு. மற்ற எட்டு இலக்கத்தில் முதல் ஏழு இலக்க எண்ணை 7-ஆல் வகுத்து வரும் மீதிதான் கடைசி இலக்கம். 1234567 என்றால் மீதி 5, ஆக 12345675. கடைசியில் 7, 8, 9 வரவே வராது. அடுத்த சரக்குக்கு ஃபார்வர்டர் ஆபீஸ் பையன் 8-இல் முடிகிற எண்ணை அனுப்பினான். "தம்பி, நம்பர் தப்பு, மறுபடி பாருங்க" என்றேன். "எப்படிண்ணே பார்த்த உடனே சொல்றீங்க?" என்று கேட்டான். சொல்லவில்லை.

முதல் சரக்குக்குப் பணம் 52-ஆம் நாள் வந்தது, பத்து மெயிலுக்கும் நாலு போனுக்கும் பிறகு. இரண்டாவது சரக்குக்கு கன்சைனி கட்டத்தில் அவருடைய வங்கி. "என்ன இது புதுசா?" என்று பையர் கேட்டார். எங்கள் பேங்க் ரூல் என்று சொல்லிவைத்தேன்.