செங்கோல் மாதா காட்டிய ஊர்

எங்கள் வீட்டில் மாலை செபமாலை முடிந்ததும் அப்பத்தா ஒரு வரியைத் தனியாகச் சேர்த்துச் சொல்வார்: "செங்கோல் மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." மதுரையில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், வேறு எந்த வீட்டிலும் இந்த வரி கிடையாது. அது தாத்தா கொண்டுவந்த வழக்கம் என்பார் அப்பத்தா. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

தாத்தா சவரிமுத்து ஆர்வி மில்லில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் எது என்று கேட்டால் "கடக்கரைப் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரையும் பேதியில் பறிகொடுத்தவர். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார் என்பதால் யாரும் துருவிக் கேட்டதில்லை. அவர் போன பிறகு அவருடைய தகரப் பெட்டியில் பழைய செபமாலை ஒன்றும், துணியில் முடிந்த ஒரு பிடி செம்மண்ணும் இருந்தன.

நிலபுலன் உள்ள குடும்பத்துக்குப் பத்திரம் இருக்கும், பட்டா இருக்கும். கடல் தொழில் செய்த ஏழைக் குடும்பத்துக்கு என்ன இருக்கும்? ஒரு செபமும் ஒரு பிடி மண்ணும்தான் எங்கள் பூர்வீகப் பத்திரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அப்பா இறந்த வருடம்தான் தோன்றியது. அவருடைய நினைவுப் பூசைக்குக் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தாத்தா பெயரோடு நின்றுவிட்டது பட்டியல். அதற்கு முந்தின ஒரு பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை.

செம்மண் எந்த ஊர் மண் என்பதில் சந்தேகமே இல்லை. ராமநாதபுரம் சீமைக் கத்தோலிக்கர் எவரைக் கேட்டாலும் புனித அருளானந்தர் ரத்தம் சிந்திய ஓரியூர் என்று சொல்லிவிடுவார்கள். செங்கோல் மாதா பெயரில் அந்தக் கரையில் கோயில் உண்டா என்று விசாரித்தபோது, தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். சரி, இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன என்று கிளம்பினோம், நானும் தம்பியும்.

ஆனால் முதலில் போனது கோயிலுக்கு அல்ல, பதிவேட்டுக்கு. இது போலத் தேடுகிறவர்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று அந்தப் பகுதி சிவகங்கை மறைமாவட்டம். அது 1987-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. மதுரை 1938-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அந்தக் காலத்தில் கரையோர ஊர்கள் பல கிளை ஊர்களாக இருந்தன. சாமியார் எப்போதாவது வருவார், பூசை வைப்பார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், திரும்பிப் போய்த் தாய்ப்பங்கின் ஏட்டில் எழுதுவார். ஆகவே பூர்வீக ஊரில் ஏடு இல்லை என்றால் சோர்ந்துபோகாமல், அந்தக் காலத்தில் அந்த ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று விசாரிக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் ஒரு பழைய பங்கின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தோம். பங்குத்தந்தை பொறுமையானவர். ஏடு லத்தீனில், சாய்ந்த கையெழுத்தில். பெயர்களும் லத்தீன் வடிவில்தான். கோயில் பணியாளரான உபதேசியார் பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுத்தார்.

சவரிமுத்து என்ற பெயரில் ஒருவரா இருவரா? பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். சவரி என்றால் சவேரியார்தான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அந்தப் புனிதர் இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் பெயராக வாழ்கிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அத்தனை பேரில் எங்கள் தாத்தாவை அடையாளம் காட்டியது ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குறிப்பு. 1908-இலிருந்து கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: ஒருவருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும், அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்குள்ள ஏட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டும். அப்படி ஒரு சவரிமுத்துவின் ஓரத்தில் மதுரை என்றும் அப்பத்தாவின் பெயரும் எழுதியிருந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். தகப்பன் மிக்கேல். தாய் மரியாயி. ஞானத்தாய் அந்தோணியம்மாள். ஊர் காரங்காடு. அந்த இரண்டு பெயர்களையும், எங்கள் பூட்டன் பூட்டி பெயர்களை, நாங்கள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னோம்.

மறுநாள் திருவாடானை வழியாக ஓரியூர் போனோம். அருளானந்தர் மண்ணை மிதிக்காமல் கடற்கரைக்குப் போக மனம் வரவில்லை.

அருளானந்தர் 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். ஜான் தெ பிரிட்டோ என்பது பெற்றோர் இட்ட பெயர். இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்த பிறகு காவி உடுத்தி, மரக்கறி மட்டும் உண்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-இல் ஒருமுறை மறவர் சீமையில், அதாவது ராமநாதபுரம் சீமையில், பிடித்துச் சித்திரவதை செய்து விட்டுவிட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போனவரை அங்கேயே இருந்துவிடும்படி பலர் கேட்டும் கேட்காமல், சாவு காத்திருக்கிறது என்று தெரிந்த இடத்துக்கே திரும்பி வந்தார். அந்தச் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அதிலிருந்து மூண்டது வினை. மன்னர் அவரை ஓரியூரில் இருந்த தம் சகோதரரிடம் அனுப்பினார்.

சாவுக்கு முந்தின நாள் சிறையிலிருந்து அவர் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியைக் கரைத்து எழுதினார். நல்லதே குற்றமாகிவிட்டால் அதற்காகப் பாடுபடுவது பெருமைதான் என்கிறார் அதில். பாம்பாற்றுக் கரை மேட்டில் அவரைத் தலைவெட்டிய நாள் 1693 பிப்ரவரி 4. அன்று தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். இதை வாசித்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தச் செம்மண்ணில் முழங்கால் போட்டபோதுதான் நெஞ்சில் இறங்கியது. 1947 ஜூன் 22-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே இந்தச் சீமை மக்கள் அவரைத் தங்கள் சாமியாக்கிக்கொண்டார்கள். நாங்கள் இருந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் நெற்றியில் திருநீறோடு ஒரு குடும்பம், பிள்ளை வரம் கேட்டு வந்திருந்தது. அந்தப் பெண் மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஓரியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து தெற்கே திரும்பினோம். சீமைக்கருவேல மரமும் உப்பு பூத்த தரையுமாகத்தான் வழி. காரங்காடு என்றால் இப்போது வெளியூர்க்காரர்களுக்கு அலையாத்திக் காடுதான் நினைவு வரும். வனத்துறை படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துக் கொடுக்கிறார்கள். நாங்கள் காட்டுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போனோம்.

கையில் செங்கோலோடு மாதா. எத்தனை வருடமாக எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர்! தம்பி நின்ற இடத்திலேயே அந்த வரியைச் சத்தமாகச் சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊருப்பா நீங்க?"

"மதுரை, பாட்டி. எங்க தாத்தாவுக்கு இந்த ஊர்தான். சவரிமுத்து."

"சவரிமுத்துன்னா தெருவுக்கு நாலு பேரு இருந்தாக. அவுக அப்பன் பேரச் சொல்லு."

மிக்கேல் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். மரியாயி என்றேன். அதுவும் பிடிபடவில்லை. ஞானத்தாய் அந்தோணியம்மாள் என்றதும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எங்க மாமியாளுக்கு மாமியா அவுக. பேதியில அனாதையாப் போன பயல எடுத்து வளத்தாகளாம். மதுரைக்குப் போனவன் திரும்பலையேன்னு சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாகளாம்."

அப்புறம் அவர் சொன்னதில் எங்கள் பெட்டியும் செபமும் விளங்கின. வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவர்களுக்கு ஓரியூர் மண்ணை முடிந்து கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். செபமாலை முடிவில் மாதாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அப்படித்தான். பெற்றவள் அல்ல, ஞானத்தாய்தான் தாத்தாவுக்கு இரண்டையும் கொடுத்திருக்கிறாள். ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையை ஏந்தி, "விசுவசிக்கிறேன்" என்று அவனுக்காகப் பதில் சொன்னவள், அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறாள். ஞானப் பெற்றோர் என்றால் இப்போது ஒரு சட்டை எடுத்துக் கொடுத்துப் போட்டோவில் நிற்பதோடு முடிந்துவிடுகிறது. என் அக்கா மகனுக்கு நான் ஞானத்தகப்பன். அவனுக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று அங்கே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

அன்று மாலைப் பூசைக்கு மூன்று பெயர் எழுதிக் கொடுத்தோம்: மிக்கேல், மரியாயி, அந்தோணியம்மாள். சாமியார் பீடத்திலிருந்து வாசித்தபோது பாட்டி தலைமுக்காட்டால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பேதியில் போனவர்களைத் தனித்தனியே புதைக்க நேரம் இருந்திருக்காது. மரச்சிலுவை நட்டிருந்தாலும் உப்புக்காற்றில் எப்போதோ உளுத்துப்போயிருக்கும். "இந்த மூலையிலதான்னு மாமியா சொல்லும்" என்று ஒரு பக்கம் கைகாட்டினார். அந்தோணியம்மாள் கல்லறை மட்டும் இருக்கிறது, பெயரெழுத்துத் தேய்ந்து. அதைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டதற்கு, வீட்டு ஆண்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் பாட்டி. இரண்டு நாளில் அவருடைய பேரன் போன் செய்து, "கட்டுங்க அண்ணே, செலவு ஆளுக்குப் பாதி" என்றான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். அத்தைமார், சித்தப்பா வீடு என்று எல்லோருமாக வேன் பேசியிருக்கிறோம்.