கைப்பிடி ஏன் கழன்றது?

கலை வகுப்பில் களிமண் கிண்ணம் செய்த பிள்ளைகள் குறிப்பேட்டில் "கைப்பிடி கழன்றுவிட்டது" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். பாடமே அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

களிமண் காயும்போது சுருங்கும். பல மண் வகைகள் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை. பாதி காய்ந்த கிண்ணத்தில் ஈரமான கைப்பிடியை ஒட்டினால் கைப்பிடி மட்டும் அதிகம் சுருங்கி, ஒட்டிய இடத்தில் மயிரிழை போல விரிசல் ஓடும். இரண்டும் ஒரே பதத்தில் இருக்கணும். இரு பக்கமும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கெட்டியாகக் கரைத்த குழம்பைப் பூசி, லேசாக அசைத்தபடி அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் நிற்காது.

சூளையில் சுடும்போது கிண்ணம் வெடித்தால் எல்லோரும் காற்றுக்குமிழி மேல் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் உள்ளே தங்கிய ஈரம்தான். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் கிண்ணத்தின் சுவரைப் பிளக்கிறது. கிண்ணத்தின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சுவர் 6 முதல் 8 மில்லிமீட்டர் போதும். அடிப்பகுதி தடித்துப்போவதுதான் வழக்கமாக நடப்பது. விளிம்பு முந்திக் காயாமல் இருக்க, முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி வையுங்கள்.

குறிப்பேட்டில் சுவரின் தடிமன், காய்ந்த நாட்கள், ஒட்டியபோது மண் இருந்த பதம் மூன்றையும் எழுதுங்கள். உடைந்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம்; அதன் குறுக்குவெட்டை அளவோடு வரைந்து வையுங்கள்.