காடியில் பசை ஆகாது

பலகைக் கதவைக் கோத்துச் செய்யும் ஆசாரி, சட்டங்களை இணைக்கும் நாக்கான கழுந்தில் பசையைத் தாராளமாகத் தடவுவார். நடுப் பலகை உட்காரும் பள்ளமான காடியில் ஒரு சொட்டு வழிந்தாலும் உளி நுனியால் வழித்தெடுத்துவிடுவார். திருச்சபைப் பொறுப்பில் இருப்பவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை இது.

எவ்வளவு காய்ந்த மரமும் ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் எல்லாம். மதுரையில் ஐப்பசி மழைக்கும் அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரை வெயிலுக்கும் இடையில் ஓர் அடி அகலத் தேக்குப் பலகை 2 மில்லிமீட்டர் வரை கூடிக் குறையும். அதனால்தான் 4 நூல் (அரை அங்குலம்) ஆழக் காடிக்குள் பலகை 3 நூல்தான் இறங்கும். இருபுறமும் ஒரு நூல் வெறுமை. கோடையில் பூட்டினால் இன்னும் கொஞ்சம் விட வேண்டும். ஆடுகிறதே என்று பசை வைத்தாலோ ஆணி அடித்தாலோ, முதல் கோடையிலேயே நடுவில் பிளந்துவிடும். பழி மரத்தின் மேல் விழும்.

பாடகர் குழு வேண்டாம், ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு ஜெபிக்கிறேன் என்பவரைத் தீர்மானம் போட்டுக் குழுவிலேயே இறுக்குவதும் காடியில் பசை வைக்கிற வேலைதான்.

கழுந்தின் கதை வேறு. சட்டக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு: 36 மில்லிமீட்டருக்கு 12. கழுந்தில் போடும் ஆணித் துளையை, எதிர்ச் சட்டத்தின் துளையைவிட 1 மில்லிமீட்டர் தோள் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் பக்கம், தள்ளிப் போட்டால், மூங்கில் ஆணி இறங்கும்போதே இணைப்பை இழுத்துப் பிடிக்கும். பேராசைப்பட்டு அதிகம் தள்ளினால் கழுந்தின் நுனி தெறிக்கும். விசுவாசம், காணிக்கைக் கணக்கு, பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாம் கழுந்து. இங்கே இளக்கம் கூடாது. நடைமுறையிலோ தலைகீழ்: பாட்டின் மெட்டுக்குப் பசை, கணக்குக்கு ஆட்டம்!

இயேசு கலப்பையும் நுகமும் செய்தார் என்று 2-ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் குறிப்பிடுகிறார். நுகம் இறுகினால் மாட்டுக்குக் கழுத்துப் புண், தளர்ந்தால் உழவு நடக்காது.

பாலிஷைப் பலகை பூட்டும் முன்பே, நான்கு ஓரமும் சேர்த்துப் போட வேண்டும். பூட்டிய பிறகு போட்டால், சித்திரையில் பலகை சுருங்கும்போது காடிக்குள் ஒளிந்திருந்த வெறும் மரம் வெளுத்த கோடாக எட்டிப் பார்க்கும். மேடையில் மினுங்குகிற ஊழியருக்கும் வறட்சிக்காலம் வரும். அப்போது தெரிவது வீட்டுக்குள் பூசாமல் விட்ட விளிம்பு. அவசரத்தில் அந்தக் கோட்டின்மேல் பிரஷ் ஓட்டுவார்கள். வழிந்த பாலிஷ் காடிக்குள் இறங்கி உறைந்து, பசையாகிப் பலகையைப் பிடித்துக்கொள்ளும்.